இடைகழியில் ஓர் எதுகை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம் என்னும் அடுத்தடுத்த மூன்று நன்னாள்களில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் அவதரித்தருளினர் என்பது பாகவதர்கள் அறிந்ததே. இத்திருநக்ஷத்ரங்கள் அணுகும்போதெல்லாம் அடியோங்களுக்கு ஒரு காகிதக் கட்டு நினைவுக்கு வரும். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் அடித்து வாங்கிய முந்நூறு துண்டுப் பிரதிகள் அவை. அவற்றில் ஒன்றுகூட எவர் கைக்கும் போய்ச் சேரவில்லை. அதற்குக் காரணம் ஓர் எதுகை.

வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பாட்டு என்றால் அடிகளின் கடைசியில் ஒத்து ஒலிப்பதையே எதிர்பார்ப்பர். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். அது பெரும்பாலும் பிற்காலப் பாட்டுகளில் சிறப்பிடம் பெற்றது. ஆழ்வார்களின் பாசுரங்களில் ஒலி ஒத்து வருவது அடியின் தொடக்கத்தில். அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. எதுகையில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. அதற்கு முன்னிற்கும் எழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். 'மாறன்' என்று தொடங்கினால் வீறு, தேறு, ஊறு, வேறு, கூறு என்பன துணைக்கு வரும். 'உறவு' வராது. மோனைக்கும் இனம் உண்டு: அகரத்துக்கு ஆ, ஐ, ஔ உறவு, சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் உறவு. இவற்றோடு ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதித் தொடையும் சேர்ந்தால், கவி பாடுபவனுக்கு எந்தப் பக்கமும் கை நீட்ட இடமிராது.

இந்த நெருக்கடியில் சொல் தேடித் திண்டாடியவர்கள் நெடுங்காலமாக இருந்திருக்கிறார்கள் என்பதற்கு நம் நூல்களே சாக்ஷி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைக் கூறுவது. அச்சொற்களை அந்நூலாசிரியர் எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார். 1732 இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றுக்கே தொடையகராதி என்று பெயர். எதுகைச் சொற்களுக்கென்று அமைந்த பகுதி அது. இன்றோ கணினியில் 'அவலோகிதம்' போன்ற கருவிகள் வந்துவிட்டன. ஒரு சொல்லைத் தட்டினால் அதற்கு எதுகையும் மோனையும் வரிசையாக வந்து நிற்கின்றன. சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பஞ்சம் தீர்ந்த இடத்தில்தான் அடியோங்கள் வழுக்கினோம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், வாரத்துக்கு ஒரு நாள் கூடி இயற்பா வ்யாக்யானம் ஸேவித்து வருகிறோம். ஒரு வருஷம் முதலாழ்வார்கள் திருநக்ஷத்ரத்தை ஒட்டித் திருக்கோவலூருக்குப் போய், இடைகழியில் நின்று, அடியோங்களே இயற்றிய ஒரு வெண்பாவை விண்ணப்பிப்பது என்று ஆசை எழுந்தது. திருக்கோவலூர் அடியோங்களுக்கு அயலூர் அன்று. 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும்வரை அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் அந்த ஊரில் இறங்கலாம்.

அங்கு நடந்ததை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லச் சொல்ல இனிப்பது. மிருகண்டு மஹர்ஷியின் ஆச்ரமத்து இடைகழி. இருட்டு, மழை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று காஞ்சியிலும் கடன்மல்லையிலும் மயிலையிலும் பிறந்த மூவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாமல் அங்கு வந்து நின்றனர். நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்கினார். யார் என்று காண ஒருவர் உலகத்தையும் கடலையும் கதிரவனையும் கொண்டு விளக்கேற்றினார்; ஒருவர் தம் அன்பைக் கொண்டு ஏற்றினார்; மூன்றாமவர் கண்டுவிட்டார். உலகம் அளந்தபோது மண்ணும் விண்ணும் போதாதிருந்த திருவடியை உடையவன், ஒரு ரேழியில் பிராட்டியோடு இடம் பிடிக்கத் தள்ளினான்.

இதை வெண்பாவாக்க உட்கார்ந்தோம். 'கோவல்' என்று தொடங்குவதில் எல்லோரும் ஒருமனப்பட்டோம். அதற்கு எதுகை தேடக் கருவியைத் தட்டினோம். காவல், ஆவல், ஏவல், நாவல், சேவல், கூவல் என்று வந்தன. நாவலையும் சேவலையும் என்ன செய்வது என்று சிரித்துவிட்டு, காவலைப் பிடித்துக்கொண்டோம். அதற்கு மோனையாகக் கண்ணன் தானாகவே வந்து நின்றான். முதலிரண்டு அடிகள் இவ்வாறு அமைந்தன:

கோவல் இடைகழியில் கூடியமூ வர்நடுவே
காவல் எனநுழைந்த கண்ணனே

தளை தட்டவில்லை. ஒவ்வோர் அடியிலும் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை இருந்தது. மற்ற இரண்டடிகளையும் ஒருவாறு முடித்து, திருநக்ஷத்ரத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே அச்சடித்து வாங்கிவிட்டோம். அடியோங்களுக்கு அர்த்தம் சொல்லிவரும் பெரியவரிடம் முன்னாள் மாலையில் ஒரு பிரதியைக் கொண்டுபோய் ஸமர்ப்பித்தோம். எண்பதைக் கடந்தவர். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"மூவரை இரண்டு சீராகப் பிளந்துவிட்டீர்களே," என்றார் முதலில். எல்லோரும் சிரித்தோம். வகையுளி என்று அதற்கு இலக்கணத்தில் பெயர். ஒதுக்கத்தக்கதே என்றாலும் பெருங்குற்றம் அன்று. அவர் சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். காவலுக்கா வந்தான்?"

ரக்ஷகத்வம் அவனுக்கு ஸ்வரூபமன்றோ, அவனைக் காவலன் என்பதில் பிழை என்ன என்று அடியோங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே.

"அவன் ரக்ஷகன் என்பது என்றும் உண்மை. அன்றிரவு அவன் வந்த காரணம் அது அன்று. காவலுக்கு வருகிறவன் வாசலில் நிற்பான். உள்ளே புகுந்து நெருக்கமாட்டான். இந்த மூவரோடு கூட வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு. அந்த நெருக்கத்தைத்தானே பூர்வாசார்யர்கள் கொண்டாடுகிறார்கள்? நீங்கள் அதை எடுத்துவிட்டுக் கையில் ஒரு கோலைக் கொடுத்து நிறுத்திவிட்டீர்கள்." சற்றுப் பொறுத்து, "உங்கள் பட்டியலில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா?" என்றார்.

கிடைத்திருந்தது. காவலுக்கு அடுத்தபடியாகவே நின்றது ஆவல். முதலெழுத்தில் ககர மெய் ஒன்றைக் களைந்தால் போதும். நெடில் நெடிலாகவே நிற்கும், எதுகையும் கெடாது. அதைத் தள்ளியதற்குக் காரணம் கண்ணன் மோனைக்கு வந்துவிட்டான் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒலி இரண்டு சொற்களையும் ஒரே தட்டில் வைத்து நீட்டியது. அவற்றுள் எது உண்மை என்று ஆராய வேண்டியவர்கள் அடியோங்கள்; ஆராயவில்லை.

அடியோங்களில் வங்கியில் காலம் கழித்தவர்களுக்கு இது சுருக்கென்று தைத்தது. பேரேடுகளைக் கையால் எழுதிய நாள்களில், சில பைசா வித்தியாசத்துக்காக இரவு வெகுநேரம் கிளையில் உட்கார்ந்து தேடியதுண்டு. தேடி அலுத்தால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி, இரு பக்கமும் சமமாக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் பார்ப்பவருக்கு எல்லாம் நேராகவே தோன்றும். இருப்பாய்வு நேரானதாலேயே கணக்கில் பிழையில்லை என்று சொல்லிவிட முடியாது என்பது வணிகவியல் மாணவனுக்கு முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். தொகை சரியாயிருந்து, எழுதிய தலைப்பு தவறாயிருந்தால் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. அடியோங்களின் காவல் அத்தகைய பதிவு. தளை, எதுகை, மோனை என்று எந்தத் தணிக்கையிலும் அது அகப்பட்டிராது.

பெரியவர் அத்தோடு விடவில்லை. மூன்று திருவந்தாதிகளின் முதற்பாசுரங்களையும் எடுத்துவைத்து, பின்னிரண்டு அடிகளின் முதற்சீரில் எதுகை எது என்று பார்க்கச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் வாயால் ஸேவித்துவரும் பாசுரங்கள். இந்தக் கண்கொண்டு பார்த்ததில்லை. பொய்கையாழ்வாருக்கு அங்கே 'சுடராழி'யும் 'இடராழி'யும் எதுகை. முன்னது சக்கரம், பின்னது துன்பக்கடல். ஆழி என்னும் ஒரே சொல் அவன் கையிலும் இருக்கிறது, நம்மை மூழ்கடிக்கும் ஸம்ஸாரத்திலும் இருக்கிறது. நோயையும் மருந்தையும் ஓர் எழுத்து மாற்றத்தில் எதிரெதிரே நிறுத்திவிட்டார். பேயாழ்வாருக்கு அதே இடத்தில் 'பொன்னாழி'யும் 'என்னாழி'யும். முன்னது மீண்டும் சக்கரமே. பின்னது மீண்டும் கடலே; ஆனால் அது இடர்க்கடல் அன்று, கடல்வண்ணனான அவன்தான். அதன் முன்னே 'என்' என்று உரிமையும் சேர்ந்துவிட்டது.

இடராழி எவ்வாறு என்னாழி ஆயிற்று? நடுவிலிருக்கும் பூதத்தாழ்வாரைப் பார்த்தால் தெரிகிறது. அவருடைய முன்னிரண்டு அடிகளில் எதுகையாக நிற்பவை அன்பும் இன்பும் நன்பும். பின்னிரண்டு அடிகளின் தலையில் ஞானம் என்னும் சொல்லே இருமுறை நிற்கிறது. விளக்குக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. முதலாமவரின் கடலுக்கும் மூன்றாமவரின் கடலுக்கும் இடையே இருப்பவை அன்பும் அதனால் விளைந்த ஞானமுமே. இவற்றைச் சொல் தேடிப் பொருத்தினார்கள் என்று சொல்ல அடியோங்களுக்கு நாக்கு எழவில்லை. மயர்வற மதிநலம் பெற்றவர்களுக்கு எதுகை, தேடாமலே உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தது போலும்.

தேடித்தான் பாட வேண்டும் என்றாலும் அதற்கும் ஓர் உயர்நிலை உண்டு. மணவாள மாமுனிகள் திருவாய்மொழி நூற்றந்தாதியில் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு திருவாய்மொழியின் பொருள் முழுவதும் ஒரே வெண்பாவில் அடங்க வேண்டும். அப்பதிகத்தின் தொடக்கச்சொல்லால் தொடங்கி முடிவுச்சொல்லால் முடிய வேண்டும். நடுவே மாறனான நம்மாழ்வாரின் பெருமையும் வர வேண்டும். இவ்வளவும் வெண்டளை பிறழாமல், நூறு முறை. அங்கே ஒரு சொல்லாவது இடம் நிரப்ப வந்தது என்று தோன்றுகிறதா? நம் வ்யாக்யாதாக்கள் பாசுரத்தில் ஒரு சொல்லைக்கூட ஓசைக்காக வந்தது என்று எளிதில் கழித்துவிடாமல், அதற்கும் ஒரு பாவம் கண்டு உரைப்பதன் அருமை அன்றைக்குத்தான் அடியோங்களுக்குச் சிறிது விளங்கியது.

வெண்பாவைப் பற்றியே இன்னொன்றும் தோன்றியது. இது பூர்வாசார்யர்கள் அருளிச்செய்ததன்று. அடியோங்களின் ரஸனை மட்டுமே, பெரியோர் பொறுத்தருள வேண்டும். வெண்பாவில் முதல் மூன்றடிகளுக்கு நந்நான்கு சீர். ஈற்றடிக்கு மட்டும் மூன்றே. ஆகப் பதினைந்து. பதினாறாவது சீருக்குரிய இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. மூவர் நின்றுவிட்ட இடைகழியில் நான்காமவனுக்கு வைத்த இடமோ அது என்று கேட்டபோது பெரியவர், "யாப்பிலக்கணக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்," என்றார். ஆனால் புன்முறுவல் செய்தார்.

அச்சிட்ட பிரதிகளை என்ன செய்வது என்ற விவாதம் இரவு வரை நீண்டது. செலவு ஆகிவிட்டது, யார் கவனிக்கப் போகிறார்கள், அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் உண்டு. 'கா' என்னும் அச்செழுத்தைப் பேனாவால் 'ஆ' ஆக்கவும் வழியில்லை. பெரியவர் தீர்ப்புச் சொல்லவில்லை. "கொடுப்பதும் கொடாததும் உங்கள் இஷ்டம். நாளைக்கு அவன் எதிரே நின்று இதை வாயால் சொல்லப்போகிறவர்கள் நீங்கள்," என்று மட்டும் கூறி எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் திருக்கோவலூர் சேர்ந்தோம். வலத் திருக்கையில் சங்கும் இடத் திருக்கையில் சக்கரமுமாகத் திருவடியை உயரத் தூக்கி நிற்கும் ஆயனாரை ஸேவித்து, நினைவிலிருந்தே விண்ணப்பித்தோம்:

கோவல் இடைகழியில் கூடினார் மூவரிடை
ஆவல் மிகநுழைந்த அண்ணலே

மூவரும் இப்போது பிளவுபடாமல் நின்றனர். காவல் போனதால் கண்ணனும் போய், ஆவலுக்கு மோனையாக அண்ணல் வந்தான். அச்சிட்ட தாள் எதுவும் எவர் கையிலும் இல்லை. ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதியில் இப்பெருமானை ஆழ்வார்களிடையே நெருக்குண்ட கரும்பாக அனுபவித்திருப்பதைப் பெரியவர் அங்கே நினைவூட்டினார். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களின் பின்னால் பேருந்தில் பொறுமையிழந்து ஊர்ந்து பழகிய அடியோங்களுக்கு, பிழிவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் அடுத்த ஆனிக்கு முன்பே திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். முந்நூறு பிரதிகளும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் பின்பக்கம் வெற்றுத்தாள் ஆதலால், வாராந்தரக் காலக்ஷேபத்தில் குறிப்பெழுத அவற்றையே எடுத்துக்கொள்கிறோம். எழுதி முடித்துத் தாளைத் திருப்பினால், கொட்டை எழுத்தில் 'காவல்' தெரிகிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.