நாணும் நோக்கும்: மத்தியதரைக் கடற்கரைகள் எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஸ்பெயின் எல்லையிலிருந்து இத்தாலி எல்லை வரை நீண்டுகிடக்கும் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை அழகுக்குப் பெயர்பெற்றது. செம்பாறைக் குன்றுகளும் பைன் மரச் சோலைகளும் நீலக்கடலும் ஓவியர் பலரை அங்கே ஈர்த்தன. அக்கரையின் சில மணற்பரப்புகளுக்குச் செல்லும் வழியில் ஓர் அறிவித்தற் பலகை காணப்படும். அதற்கப்பால் ஆடையின்றி இருத்தல் சட்டப்படி ஏற்கப்பட்டது என்பதே அப்பலகை கூறும் செய்தி. பலகைக்கு இப்புறத்தே குற்றமாகக் கொள்ளப்படக்கூடிய செயல் அப்புறத்தே குற்றமன்று. மணலும் ஒன்றே, கடலும் ஒன்றே, மனித உடலும் ஒன்றே. அவ்வாறாயின் வேறுபடுவது யாது? சட்டம் பயில்வோர்க்கு இது எல்லை பற்றிய எளிய வினாவாகத் தோன்றலாம். அறவியலை நாடுவோர்க்கோ, நாண் என்பது எங்கே உறைகின்றது என்ற மிகப் பழைய வினாவின் புதிய வடிவமாக இது அமைகின்றது.

இவ்வினாவுக்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உள. இக்கடற்கரைகள் பண்பாட்டு வீழ்ச்சியின் அடையாளம் என்பது ஒன்று. பழைமையின் தளைகளை அறுத்த முன்னேற்றத்தின் அடையாளம் என்பது மற்றொன்று. முன்னையது கீழைத்தேயத்தாருக்கும் பின்னையது மேனாட்டாருக்கும் உரியதெனக் கூறப்படுவதுண்டு. ஆயின் இரு கருத்தினரும் இரு திசைகளிலும் உளர். இவ்விரு விடைகளும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றினும் ஒரே தவறைப் புரிகின்றன. துணியின் அளவைக்கொண்டு ஒழுக்கத்தின் அளவைக் கணிக்கலாம் என இரண்டுமே நம்புகின்றன. அந்நம்பிக்கை ஆராய்ச்சிக்கு உரியது.

இக்கடற்கரைகளின் வரலாறு களியாட்டத்திலிருந்து தொடங்கவில்லை என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில், புகைமண்டிய தொழில் நகர வாழ்வுக்கு மாற்றாக, வெயிலும் காற்றும் உடலில் நேரே படவேண்டும் என்ற இயக்கம் ஜேர்மனியில் உருப்பெற்றது. அதன் கருத்துகள் பிரான்சிலும் பரவின. 1931 இல் காஸ்தோன் துர்வில், அந்திரே துர்வில் என்னும் மருத்துவச் சகோதரர் இருவர், இயேர் நகருக்கு எதிரேயுள்ள லெவான் தீவில் எலியோப்போலிஸ் என்னும் குடியிருப்பை நிறுவினர். சூரிய நகரம் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். அன்றைய யூகோஸ்லாவியாவின் இஸ்திரியாப் பகுதியில், இன்றைய குரோசியாவில், 1961 இல் கொவெர்சாதா என்னும் இயற்கைவாழ்வு விடுதி திறக்கப்பட்டது. சமவுடைமை பேசிய அரசும் அந்நியச் செலாவணியின் பொருட்டு அதனை வரவேற்றது. ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி 1975 இல் முடிவுற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. பொது ஒழுக்கத்துக்கு ஊறு விளைவித்தல் என்னும் குற்றம் அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்திலிருந்து 1988 இல் நீக்கப்பட்டது. ஒரே கடலின் கரைகளில் மருத்துவம், வருவாய், அரசியல் விடுதலை என மூன்று வேறு காரணங்கள் ஒரே விளைவைத் தந்தன எனலாம்.

ஆடையின்மை இயல்பாகவே இழிவானது என்போர் கவனிக்கவேண்டிய சான்று அதே கடலின் பழைய வரலாற்றில் உண்டு. கிரேக்க இளைஞர் ஆடையின்றியே உடற்பயிற்சி செய்தனர். பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே வெற்றுடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். எனினும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. முற்காலத்தில் ஒலிம்பியாவிற்கூட வீரர்கள் அரைக்கச்சை அணிந்தே போட்டியிட்டனர் என்றும், ஆடை களைந்து பயிற்சி செய்வதை முதலில் மேற்கொண்டோர் ஸ்பார்த்தரே என்றும் வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் குறிப்பிடுகின்றார். பிளேற்றோவின் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில், பெண்களும் ஆண்களைப் போன்று பயிற்சி பெறவேண்டும் என வாதிடும் சோக்கிரதீஸ், அது நகைப்புக்கிடமாகும் என்போருக்கு இவ்வரலாற்றையே நினைவூட்டுகின்றார். ஆண்களின் வெற்றுடலும் ஒருகாலத்தில் கிரேக்கர்க்கு நகைப்புக்கிடமாகவே இருந்தது. பழக்கம் வந்தபின் அந்நகைப்பு அகன்றது. எனவே தீமையைத் தவிர வேறொன்றை நகைப்பது அறிவீனம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் வலியது, ஆயினும் முழுமையானதன்று. ஒரு விழுமியம் வழக்காற்றால் அமைந்தது எனக் காட்டிவிட்டால் அது பொருளற்றது என நிறுவியதாகாது. மொழியும் வழக்காற்றால் அமைந்ததே. எந்த ஒலி எப்பொருளைச் சுட்டும் என்பது ஒரு சமூகத்தாரின் உடன்பாடே. அதன் காரணமாகப் பொய்யுரைத்தல் குற்றமன்று என எவரும் வாதிடுவதில்லை. அவ்வாறே, உடலின் எப்பகுதியை மறைத்தல் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடினும், ஒருவர் தம் உடலைப் பிறர் பார்வையிலிருந்து காத்துக்கொள்ள விழைவது பரந்துபட்ட மனித இயல்பாகும். ஆகவே நாணின் அளவுகோல் வழக்காறாயினும் நாணின் வேர் ஆழமானது. அவ்வேரைக் கண்டறிய மற்றொரு கிரேக்கச் சான்று உதவும்.

லிடியா நாட்டு மன்னன் கண்டோலிஸின் கதையை ஹெறோடோற்றஸ் தம் வரலாற்றின் முதற் பகுதியில் கூறுகின்றார். தன் மனைவியின் அழகைப் பிறரும் அறியவேண்டும் என விரும்பிய மன்னன், மெய்க்காவலன் கைஜிஸை அறைக்கதவின் பின்னே மறைந்துநின்று அவளது வெற்றுடலைக் காணும்படி வற்புறுத்தினான். வெளியேறும்பொழுது அரசி அவனைக் கண்டுகொண்டாள். கூக்குரலிடவில்லை. மறுநாள் அவனை அழைத்து, மன்னனைக் கொன்று அரசை ஏற்கவேண்டும் அல்லது தான் சாகவேண்டும் என இருவழிகளை முன்வைத்தாள். மன்னன் மாண்டான். இக்கதையில் அரசியின் உடல் ஒரு குற்றமும் செய்யவில்லை. கணவன் முன்னிலையில் அவள் ஆடை களைந்தது இயல்பான செயல். குற்றம் நிகழ்ந்தது கதவின் பின்னால். அவள் அறியாமலும் இசையாமலும் அவள்மீது விழுந்த பார்வையில். இருபதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சார்த்தர், 1943 இல் வெளியான 'இருத்தலும் இன்மையும்' என்னும் நூலில், சாவித்துளை வழியே ஒளிந்து பார்ப்பவன் தன்னையும் ஒருவர் பார்த்துவிட்டார் என உணரும் கணத்தில் எழும் வெட்கத்தை ஆராய்ந்தார். அங்கும் வெட்கம் துணியோடு தொடர்புடையதன்று. ஒருவர் மற்றவரின் நோக்குக்குப் பொருளாகிவிடும் நிலையோடு தொடர்புடையது.

இவ்வொளியில் நோக்குமிடத்து, நிர்வாணக் கடற்கரைகளின் ஒழுங்குமுறைகள் புதிய பொருள் தருகின்றன. அங்கே உற்று நோக்குதல் இழுக்கு. பிறரை நிழற்படம் எடுத்தல் ஆகாது. பொது இருக்கையில் தன் துவாயை விரித்தே அமர்தல் வேண்டும். லெவான் தீவிலும் எங்கும் எவ்வாறும் திரியலாம் என்பதில்லை; துறைமுகத்திலும் ஊர் நடுச்சதுக்கத்திலும் சிறிதளவேனும் உடுத்தல் வேண்டும். உடையின் கட்டுப்பாடு நீங்கிய இடத்திலே கண்ணின் கட்டுப்பாடு மிகுகின்றது. பிரான்சின் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே அமைந்துள்ளது எனலாம். 1810 ஆம் ஆண்டுக் குற்றவியற் கோவை பொது நாணுக்கு இழுக்கு விளைவித்தலைக் குற்றமாகக் கொண்டது. 1994 இல் நடைமுறைக்கு வந்த புதிய கோவையோ, பாலியல் நோக்கிலான உடற்காட்சியைப் பிறர் பார்வைமீது திணித்தலையே குற்றமாகக் கொள்கின்றது. திணித்தல் என்பதே இங்கு முதன்மையான சொல். பலகையைப் படித்து, அறிந்து, விரும்பி உட்செல்பவர்மீது எதுவும் திணிக்கப்படுவதில்லை. பலகைக்கு இப்புறம் நிற்பவரின் விருப்பமும் அவ்வாறே காக்கப்படுகின்றது. 2011 இல் பார்சிலோனா நகரம் வீதிகளில் ஆடையின்றித் திரிவதைத் தடைசெய்து, அதற்கெனக் குறித்த கடற்கரைகளில் மட்டும் அனுமதித்தமையும் இந்நோக்கினதே.

ஆயினும் இக்கடற்கரைகளை அறத்தின் உறைவிடங்களாகப் போற்றுவதும் மிகைப்பாடாகும். உடையோடு வர்க்க வேறுபாடும் களையப்படுகின்றது என இயற்கைவாழ்வினர் பெருமை கொள்வர். பிரெஞ்சு அரசு 1963 முதல் மேற்கொண்ட கடற்கரை அபிவிருத்தியை அடுத்து வளர்ந்த காப் தக்த் குடியிருப்பில் கடைகளும் விடுதிகளும் வங்கிகளும் உள. பணப்பையில்லாதவர் அங்கே தங்குதல் அரிது. காலப்போக்கில் பாலியற் கேளிக்கையை நாடுவோர் அங்கே பெருக, பழைய இயற்கைவாழ்வினர்க்கும் அவர்களுக்குமிடையே பிணக்குகள் எழுந்தன. பலகையொன்று எல்லையை வகுக்கலாம். நோக்கைத் தூய்மைப்படுத்தல் அதனால் இயலாது. பார்வையின் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவினதாக அங்கும் இருப்பதில்லை. எனினும் இக்குறைகளும் முற்கூறிய கருத்தையே உறுதிசெய்கின்றன. கெட்டது எங்கே கெட்டது என வினவின், துணி நீங்கிய இடத்திலன்று, மதிப்பு நீங்கிய இடத்திலேயே என்பது விடையாகும்.

இக்கருத்துக்குக் கடுஞ்சோதனை 2016 ஆம் ஆண்டு கோடையில் அதே கரையில் வந்தது. உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடை அணிந்து முஸ்லிம் பெண்கள் கடலாடுவதைக் கான் நகரமும் ஏறத்தாழ முப்பது ஊராட்சிகளும் தடைசெய்தன. நீஸ் நகரக் கடற்கரையிலே ஆயுதந்தாங்கிய பொலிசார் சூழ்ந்துநிற்க, ஒரு பெண் தன் மேலாடையைக் களையும் நிழற்படங்கள் உலகெங்கும் வெளியாயின. அவ்வாண்டு ஆகஸ்ட் 26 ஆந் திகதி, வில்நேவ்-லூபே ஊராட்சியின் தடையைப் பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றம் இடைநிறுத்தியது. நான்கு ஆண்டுகளின் பின், 2020 ஆகஸ்டில், சென்-மரி-லா-மேர் கடற்கரையில் மேலாடையின்றிக் கிடந்த பெண்களை மறைத்துக்கொள்ளுமாறு பொலிசார் கேட்டபொழுது, உள்துறை அமைச்சரே அப்பெண்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்தார். முதற்சம்பவத்தில் மறைத்தது குற்றம். இரண்டாவதில் மறைக்காதது குறை. இரு வேளையிலும் கடற்கரைக்கு வந்தவள் தன் உடலைப் பற்றித் தானே முடிவுசெய்தவள். அம்முடிவை மாற்ற வந்தவர் பிறர். களையும் உரிமையைப் போற்றிய கரை உடுக்கும் உரிமையை மறுத்தபொழுது, அது போற்றியது உரிமையையா அன்றித் தன் வழக்கத்தையா என்ற ஐயம் எழுதல் தவிர்க்கவியலாதது.

இத்தகைய மறுப்பின் கொடுமை தமிழர்க்குப் புதியதன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்தலுக்கு மேற்சாதியினர் தடைவிதித்தனர். பல்லாண்டுக் கலகங்களின் பின்னரே, 1859 இல், மேற்சாதிப் பெண்களைப் போன்று அணியலாகாது என்ற நிபந்தனையோடு அவ்வுரிமை அரச ஆணையால் வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மேலாடை அணியும் உரிமை சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. ஆகவே, ஆடைகுறைதலே பண்பாட்டுச் சீர்குலைவு என்போர், ஆடையைக் குறைக்கும்படி ஒரு சமூகமே சிலரை நெருக்கிய வரலாற்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர். லெவான் தீவில் விரும்பிக் களைந்தவளின் வெற்றுடலும் திருவிதாங்கூரில் மறுக்கப்பட்டவளின் வெற்றுடலும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றலாம். அறத்தின்முன் அவை வெவ்வேறானவை.

அவ்வாறாயின் நாண் தேவையற்றதோ? அன்று. அது எதன்பொருட்டு எழவேண்டும் என்பதே வினா. திருக்குறளின் நாணுடைமை அதிகாரம், தகாத செயலுக்கு நாணுவதைப் பெண்டிரின் இயல்பான கூச்சத்திலிருந்து பிரித்து, முன்னையதையே சான்றோர்க்குரிய பண்பாகக் கொள்கின்றது. இப்பிரிப்பை லெவான் தீவின்மீது பொருத்திப் பார்த்தல் பயனுடையது. அச்சிறு தீவில் 1861 முதல் 1878 வரை சிறுவர்க்கான சீர்திருத்தப் பண்ணையொன்று இயங்கியது. திருட்டும் நாடோடித்தனமும் போன்ற சிறு குற்றங்களுக்காக அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு அண்மியோர் அங்கேயே மாண்டனர். இன்று அத்தீவின் மிகப் பெரும்பகுதி பிரெஞ்சுப் படைத்துறையின் ஏவுகணைச் சோதனைக் களமாகும். எஞ்சிய சிறுபகுதியிலேதான் ஆடையற்றோரின் ஊர் உள்ளது. தீவின் பெயரைக் கேட்டவுடன் புறத்தார் முகஞ்சுளிப்பது அவ்வூரைக் குறித்தே. சீருடையணிந்த காவலரின் பொறுப்பிலிருந்த பிள்ளைகளின் சாவை எண்ணி நாணுவோர் மிகச் சிலர்.

நாண் பிழையான இடத்தில் குடிகொண்டுவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. உடலைக் கண்டு கூசுவது எளிது. அது பழக்கத்தால் வருவது, பழக்கத்தால் போவது. பிறர் உடல்மீது தம் விருப்பத்தைச் சுமத்தும்பொழுது கூசுவதே அரிது. மத்தியதரைக் கடலோரத்து வழக்கத்தைப் பிற நாடுகள் மேற்கொள்ளவேண்டும் என்பதன்று இதன் முடிபு. ஒவ்வொரு சமூகமும் தன் பொதுவிடங்களுக்குரிய உடைவழக்கைத் தானே வகுத்துக்கொள்ளும். அவ்வாறு வகுத்தலில் தவறில்லை. ஆயின் அவ்வழக்கை மீறாத ஒருத்தியின் உடையை அளந்து அவள் ஒழுக்கத்தைத் தீர்மானிக்கும் பழக்கம், பல்கலைக்கழக வளாகங்களிலும் மறைந்துவிடவில்லை. அவ்வாறு அளப்பவரின் நிலை, அக்கடற்கரையிலே பலகையைக் கடந்து உள்ளே சென்று உற்று நோக்குபவரின் நிலையே ஆகும். அங்கே இழுக்குக்குரியவர் அவர் ஒருவரே.