நாடகம் எழுதும் தீர்ப்பு

கொழும்பு பம்பலப்பிட்டியில், செயின்ட் ஆல்பன்ஸ் பிளேஸ் வீடொன்றின் வாகனக் கொட்டிலில் 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி ஆனந்தம் சதாசிவம் பிணமாகக் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் மகாதேவ சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய துடுப்பாட்டத்தைப் பற்றிப் பழையவர்கள் கண் விரிய இன்னமும் பேசுவார்கள். இருவருக்கும் இடையில் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் வேலைக்கு நின்ற வில்லியம் என்ற தென்னிலங்கை கிராமத்துப் பையன், கொன்றவர் கணவர்தான், நான் கூட நின்று உதவினேன் என்றான். நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான். இறந்தவரின் தாலிக்கொடியை விற்றவனும் அவனே.

இப்படியொரு வழக்கு கிடைப்பது தொலைக்காட்சி நாடகம் எடுப்பவருக்கு லொத்தர் விழுந்த மாதிரி. பேர்பெற்ற ஆட்டக்காரர், பணக்கார மனைவி, பிறழ்ந்த மணவாழ்க்கை, சமையலறை, தாலி, வேலைக்காரன்: எதையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நீதிமன்றக் காட்சிகளும் தயாராகவே இருக்கின்றன. மரணம் நிகழ்ந்த நேரத்தைப் பேராசிரியர் டி சேரம் காலையில், கணவர் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் வைத்தார். எடின்பரோவிலிருந்து வந்த தடயவியல் அறிஞர் சிட்னி ஸ்மித், அதற்குப் பின்னரும் நிகழ்ந்திருக்கலாம் என்றார். எதிரிக்காக வாதாடியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 57 நாள் விசாரணைக்குப் பிறகு, 1953 ஜூன் 25ஆம் திகதி, சதாசிவம் குற்றவாளி அல்லர் என்று யூரர்கள் தீர்ப்பளித்தார்கள்.

அறம் பற்றிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அன்று யூரர்கள் கணவர்மீதான குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொன்னார்கள். வில்லியம்தான் கொன்றான் என்று சொல்லவில்லை. சொல்லும்படி அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கொலைக்காக வில்லியம் யூரர்கள் முன் எதிரியாக நிறுத்தப்பட்டதே இல்லை. சந்தேகத்தை எதிரிக்குச் சாதகமாக விட்டுவிட்டு எழுந்து போகும் உரிமை நீதிமன்றத்துக்கு இருக்கிறது. நாடகத்துக்கு அது இல்லை. கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருவர் கழுத்தை நெரிக்கத்தான் வேண்டும். பார்ப்பவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். கணவர் நெரித்தால், சட்டம் விடுவித்த ஒருவரைத் திரை தூக்கிலேற்றுகிறது. பையன் நெரித்தால், யூரர்கள் முன் எதிரியாக நின்று பதில் சொல்ல வாய்ப்பே பெறாத ஒருவன்மீது கொலைப்பழி விழுகிறது. வீட்டு வேலைக்கு வந்தவனைக் குற்றவாளியாகக் காட்டுவது எடுப்பவருக்கும் சுலபம், பார்ப்பவருக்கும் சுலபம். அவன் பரம்பரையில் யாரும் நட்டஈடு கேட்டு வழக்குப் போடப்போவதில்லை.

தீர்ந்த வழக்குகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. வசந்த ஒபேசேகர 1983இல் எடுத்த 'தடயம' படம், 1959இல் வில்பத்துக் காட்டில் அடலின் விதாரண என்ற பெண் கொல்லப்பட்ட வழக்கைத் தழுவியது. அங்கே குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தது. ஒபேசேகர கொலைகாரனைக் கண்டுபிடிக்கப் புறப்படவில்லை, அப்படியொரு பெண் அந்தக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டார். நல்ல கேள்வி அது.

இதற்கும் நம் ஊவா மாகாணத்துக்கும் என்ன தொடர்பு? பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்துக் கூரையில் டிஷ் இருக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் சென்னைத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். கொலையும் வழக்கும் அந்தத் தொடர்களில் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தோட்டத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் மரணம் அதில் வராது. 2009இல் மஸ்கெலியாப் பக்கத்துச் சிறுமிகள் இருவர் கொழும்பில் கால்வாய் ஒன்றில் பிணமாகக் கிடந்தார்கள். 2021 ஜூலையில், டயகமவிலிருந்து போன 16 வயதுச் சிறுமி ஓர் அரசியல்வாதியின் வீட்டில் எரிகாயமடைந்து வைத்தியசாலையில் இறந்தாள். அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாம் முறை பிரேத பரிசோதனை செய்தார்கள். மலைநாடு முழுக்கத் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்டது.

நாளை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இந்தச் சிறுமியின் கதையை எடுக்க முன்வந்தால் அதை வரவேற்பதா, எதிர்ப்பதா? வரவேற்கத்தான் மனம் சொல்லும். வேலைக்காரப் பிள்ளைகளின் மரணம் ஒரு வாரச் செய்தியாகி மறைவதைவிட, லட்சம் பேர் பார்க்கும் நாடகமாவது மேல் என்று தோன்றும். பிரித்தானியாவில் நடந்ததைச் சுட்டிக்காட்டவும் செய்யலாம். அங்கே தபால் நிலையங்களை நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டோர், பழுதான கணினிக் கணக்கை நம்பித் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் ஐடிவி ஒளிபரப்பிய நான்கு பகுதி நாடகம் நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்தத் தண்டனைகளை நீக்கச் சட்டமே வந்தது.

ஆனால் அந்த உதாரணத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கணினி பழுது என்று 2019இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடகம் புதிதாக எதையும் தீர்க்கவில்லை. தீர்க்கப்பட்டும் யாரும் காது கொடுக்காத உண்மையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. விசாரணை முடியாத மரணத்தை எடுப்பவர் செய்வது வேறு வேலை. சாட்சி சொல்லப் போகிறவர் நாடகத்தைப் பார்த்தபின் தான் கண்டதைச் சொல்வாரா, திரையில் கண்டதைச் சொல்வாரா? எதிரியின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார், வழக்கு அங்கேயே தளரும். மும்பைக் குண்டுவெடிப்பு பற்றிய 'பிளாக் ஃபிரைடே' படத்தை, அந்த வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2007இல்தான் படம் திரைக்கு வந்தது. காத்திருந்ததால் படம் கெட்டுப்போகவில்லை.

டயகமச் சிறுமியின் தாயின் சம்மதம் இன்னொன்று. சட்டப்படி அது தேவையில்லாமல் இருக்கலாம். எரிந்த உடலை ஒருமுறை புதைத்து, தோண்டி, மறுபடியும் புதைத்த ஒரு குடும்பம், அதே எரிவதை ஒரு நடிகை நடித்துக்காட்ட, இடையிடையே சவர்க்கார விளம்பரத்தோடு, அடுத்த லயத்துச் சனத்தோடு சேர்ந்திருந்து பார்க்க நேரும். கொழும்பில் வசதியான குடும்பம் என்றால் தடையுத்தரவு கேட்டிருக்கும். தோட்டத்துத் தாயால் அது முடியாது என்பதாலேயே அவளிடம் முதலில் போய்க் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் திரை வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? ஊவாவிலேயே அதற்கு மறுமொழி இருக்கிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. அங்கே அரசாங்கம் நடத்திய புனர்வாழ்வு முகாமில் 41 தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். 2000 ஒக்டோபர் 25 காலை ஆயிரக்கணக்கானோர் கத்தி பொல்லுகளுடன் முகாமுக்குள் புகுந்தார்கள். 27 பேர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். காவலுக்கென்று பொலிஸார் அங்கேயே நின்றார்கள். செய்தி பரவியதும் மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். கொழும்பு மேல் நீதிமன்றம் 2003 ஜூலை முதலாம் திகதி அவர்களில் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஐவரில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் அந்த ஐவரும் விடுதலையானார்கள்.

இந்த வழக்கிலும் விடுதலையானவர்களைத் திரையில் கொலைகாரர் ஆக்குவது தவறுதான். சதாசிவத்துக்குப் பொருந்தும் நியாயம் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் சதாசிவம் வழக்கில் மறைந்திருப்பது கொன்றவர் யார் என்பது. இங்கே நடந்தவற்றில் பெரும்பகுதி பகல் வெளிச்சத்தில் நடந்தது, யாரும் மறுக்காதது: அரசின் பொறுப்பில் இருந்தவர்கள், அரசின் சீருடை அணிந்தவர்கள் பார்த்திருக்கக் கொல்லப்பட்டார்கள். அதைக் காட்ட ஒரு தனி ஆளின் முகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். முதல் நாள் மாலை முகாமில் எழுந்த சச்சரவு, இரவோடிரவாக ஊருக்குள் பரவிய ஆத்திரம், விடிந்தபின் பொலிஸார் நின்ற இடம் இவை போதும். இதைச் சொல்வதால் எந்த விசாரணையும் கெடாது. கெடுவதற்கு விசாரணை எதுவும் மிச்சமில்லை. உயிர் தப்பியவர்களிடமும் இறந்தவர்களின் வீட்டாரிடமும் போய்க் கேட்கும் கடமை இங்கேயும் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு எடுப்பவருக்கு ஊவாவில் யாரும் தடை சொல்ல நியாயமில்லை.

டயகமச் சிறுமியின் கதை தீர்ப்புக்கும் தாயின் சொல்லுக்கும் காத்திருக்கட்டும். பிந்துனுவெவ இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்துவிட்டது. முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.