கண்ணுக்குத் தெரியாத சிரமம்: சந்தேகிக்காதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இந்த உரையை வீட்டிலிருந்து வாசிக்கும் சகோதர சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

இன்று என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் இதே மிம்பரில் நின்று, "வாலிபர்கள்கூட நாற்காலி தேடுகிறார்கள், அல்லாஹ்வுக்கு முன் நிற்பதற்கும் சோம்பலா?" என்று பேசினேன். பலர் தலையாட்டினீர்கள். அடுத்த ஜும்ஆவிலிருந்து, கடைசி சஃப்பில் நாற்காலியில் தொழுதுவந்த ஓர் இளைஞர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய தகப்பனார் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகனுக்கு நரம்பு நோய். அவன் சோம்பேறி இல்லை" என்றார்.

அந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கிவிடுகிறது. ஒரு நாள் நன்றாக நடப்பார். மறுநாள் கால் மரத்துப்போகும், பார்வை மங்கும், எழ முடியாத சோர்வு வரும். உடம்பில் சூடு ஏறினால் இன்னும் அதிகமாகும். சித்திரை வெயிலில் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்து வருவதிலேயே அவருடைய பலம் தீர்ந்துவிடும். மின்சார ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறினால், "கை கால் நல்லாத்தானே இருக்கு, இறங்குப்பா" என்பார்களாம். ரயிலில் கேட்ட அதே பேச்சை அல்லாஹ்வின் வீட்டிலும் கேட்டார். பேசியவன் நான். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சகோதரர்களே! சூரா அந்நூரின் 61ஆவது வசனத்தைப் பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர் ஆகியோருடன் நோயாளியையும் சேர்த்தே குற்றமில்லாதவர்கள் என்கிறான் அல்லாஹ். முதல் இருவரின் சிரமம் நம் கண்ணுக்குத் தெரியும். நோயாளியின் சிரமம் பல நேரம் தெரியாது. அதற்காக அவருடைய சலுகையை அல்லாஹ் குறைக்கவில்லை.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாத வலி. தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று வழிகாட்டினார்கள். இது புகாரியில் வருகிறது. சாட்சி கேட்கவில்லை, சந்தேகப்படவில்லை. சொன்னவரின் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள்.

புகாரியில் இன்னொரு ஹதீஸ். வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபியவர்களிடம் வந்தார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்றார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். வலிப்பு வரும்போது தன் உடலில் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார். நபியவர்களும் அப்படியே துஆச் செய்தார்கள். நோயைச் சுமக்கத் துணிந்த அந்தப் பெண்மணிக்கு மானம் போவதைத்தான் தாங்க முடியவில்லை. நம் மத்தியில் இருப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

மனநோய் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். ஈமான் போதவில்லை என்கிறோம், அல்லது வீட்டுக்குள் மறைக்கிறோம். மதீனாவில் புத்தி சற்றுப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தனக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று சொல் என்று கூறி, அவர் பேசி முடிக்கும்வரை நபியவர்கள் உடன் நின்றார்கள். முஸ்லிமில் உள்ள செய்தி இது. ஆனால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருத்துவம் செய்வது சுன்னத். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனங்கள் 7 வகைதான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் அதில் உண்டு. குறிப்பிட்ட அளவு பாதிப்பு இருப்பதாக மருத்துவர்கள் சான்றளித்தால் அடையாள அட்டை கிடைக்கும். அதை வாங்கத் தயங்காதீர்கள், அது உரிமை. குழந்தைகளுக்குப் பயிற்சியும் சிகிச்சையும் தர, நமக்கு அருகிலேயே முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

இந்த வாரத்திலிருந்து நாம் செய்ய வேண்டியவை சில. நாற்காலியில் தொழுபவரை சஃப்பில் வைத்து விசாரிக்காதீர்கள். மார்க்கச் சட்டம் தெரிய வேண்டியவர்கள் எங்களிடம் தனியாகக் கேட்கட்டும். தொழுகையில் சத்தம் போடும் பிள்ளையைப் பார்த்து, "வளர்ப்பு சரியில்லை" என்று தாய் தகப்பனிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். ரயிலில் ஒருவர் உட்கார இடம் கேட்டால், காரணம் கேட்காமல் எழுந்து கொடுங்கள். அவர் பொய் சொல்லியிருந்தால் அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். உங்களுடைய நன்மை உங்களுக்குக் கிடைத்துவிடும். சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகச் சொல்லும் சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் நமக்குத்தான் இறங்கியிருக்கிறது.

அந்த இளைஞர் சென்ற ஜும்ஆவுக்கு வந்தார். அதே கடைசி சஃப், அதே நாற்காலி. அருகில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். அல்ஹம்து லில்லாஹ்.

யா அல்லாஹ்! வெளியே சொல்ல முடியாத வலியோடு வாழும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுடைய பொறுமைக்கு முழுக் கூலியை வழங்குவாயாக. எங்கள் நாவால் யாரும் உன் பள்ளியை விட்டு விலகிப் போகாமல் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.