பிறர் பிள்ளை நம் கையில்



பிள்ளை வீட்டுக்குள் இருக்கையில் அதற்கு உத்தரவாதி யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வகுப்பறையில் இருக்கையிலும் கேட்பதில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வழியில், அதாவது சாலையிலும், மைதானத்துக்குப் போகும் பாதையிலும், சுற்றுலாப் போன இடத்திலும், அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? பெரியவர்கள் நாலு பேர் உடன் போனால், அந்த நால்வரில் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்? இது சட்டத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று; மனச்சாட்சிக்கும் உரிய கேள்வி.

2023-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் நாள் நடந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையை அடுத்த பிலிப்பட்டி அரசு நடுநிலைப்பள்ளி மாணவிகள், திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் நடந்த கால்பந்துப் போட்டிக்குப் போனார்கள். ஆசிரியர்களும் உடன் போனார்கள். போன இடத்திலிருந்து கரூர் மாவட்டம் மாயனூருக்குச் சென்று காவேரியில் இறங்கினார்கள். நான்கு சிறுமிகள் மூழ்கி மாண்டார்கள். தலைமை ஆசிரியரும் ஆசிரியர் இருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்குத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் அழைத்துப் போகும் நாம் அறியவேண்டியதை அறிந்துகொள்வதே நம் வேலை.

அடுத்த வீட்டார் ஊருக்குப் போகையில் ஒரு நகையை நம்மிடம் கொடுத்து வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் சொந்த நகையை நாம் விற்கலாம், இரவல் கொடுக்கலாம். அவர்களுடைய நகையை அப்படிச் செய்யலாமா? கூடாது. அது அடைக்கலப் பொருள். எதற்காகக் கொடுத்தார்களோ அதற்காக மட்டுமே வைத்திருந்து, வாங்கியபடியே திருப்பித் தரவேண்டும். பிறர் பிள்ளையும் அப்படியே. ஆகையால், நம் பிள்ளையைவிடப் பிறர் பிள்ளையிடத்தில் நம் கடமை குறைவு என்று எண்ணுவது தவறு. ஒருவகையில் அது அதிகக் கண்டிப்பானது.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் விளங்கும். முதலாவது, பெற்றோர் எதற்குச் சம்மதித்தார்களோ அதற்குமேல் நமக்கு அதிகாரமில்லை. மைதானத்துக்கு அனுப்பிய தாய் ஆற்றுக்கு அனுப்பவில்லை. "பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்" என்று நாம் காட்டும் தயாளம், பிறர் பணத்தில் செய்யும் தர்மம் போன்றது. இரண்டாவது, பிள்ளையைக் கையோடு கை ஒப்படைக்கும்வரை நம் கடமை முடிவதில்லை. தெருமுனையில் இறக்கிவிட்டு, "இனி அது போய்க்கொள்ளும்" என்பது ஒப்படைப்பு ஆகாது.

இனி, நாலு பேர் உடன் போகையில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். சேசுநாதருக்குப் பன்னிரண்டு வயதானபோது பாஸ்கா திருநாளுக்கு ஜெருசலேம் போன வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திரும்பும் வழியில் ஒரு நாள் பயணம் போனபிறகே அவர் கூட்டத்தில் இல்லையென்று தெரிகிறது. உறவினரோடு இருப்பார் என்று தேவமாதாவும் சூசையப்பரும் எண்ணினார்கள். அவர்களைவிட அன்புள்ள பெற்றோர் உண்டோ? ஆயினும், பெருங்கூட்டத்தில் "யாராவது ஒருவரோடு இருக்கும்" என்ற எண்ணம் அவர்களுக்கும் வந்தது. மூன்றாம் நாள்தான் அவரைக் கண்டார்கள். பரிசுத்தருக்கே நேர்ந்தது என்றால், நமக்கு எவ்வளவு எளிதில் நேரும்! கூட்டம் பெருகப் பெருகப் பாதுகாப்பும் பெருகும் என்று நினைக்கிறோம். உண்மையோ வேறு. எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே உடன் போவது வேறு, காவல் செய்வது வேறு. இன்ன பிள்ளைக்கு இன்னார் என்று பெயர் சொல்லி நியமித்தாலொழிய காவல் என்பதே இல்லை.

காவல் செய்கிறவருக்கு அன்பு மட்டும் போதாது. வேண்டாம் என்று சொல்லும் உறுதியும் வேண்டும். 2007-ம் ஆண்டு பிப்ரவரி 20-ம் நாள் கேரளத்தில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்களின் படகு பெரியாற்றில் மூழ்கி, 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தார்கள். நம் பக்கத்திலேயே, 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிய குடும்பங்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தண்ணீரில் விழுந்தபின் எவ்வளவு அன்பிருந்தும் பயன் சிறிது. கரையில் நிற்கும்போதே, "இத்தனை பேர் ஏறக்கூடாது" என்று ஒருவர் சொல்லியிருக்கவேண்டும்.

சிலர் கேட்கலாம்: "இப்படிக் காத்தால் பிள்ளை கோழையாகிவிடாதா?" நியாயமான கேள்வி. பிள்ளை நடக்கட்டும், ஓடட்டும், விழுந்து எழட்டும். முழங்கால் சிராய்ப்பு ஆறிவிடும். திருத்த முடியாத ஆபத்தினின்று காப்பதே காவல். பிள்ளையைக் கட்டிப்போடுவதன்று. ஜப்பான் தேசத்தில் சிறு பிள்ளைகள் கூட்டமாக நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை முன்னே நடத்திச் செல்கிறான். சாலை கடக்கும் இடங்களில் அவ்வூர்ப் பெரியவர்கள் கொடி பிடித்து நிற்கிறார்கள். அப்பிள்ளைகள் கோழைகளல்லர்.

வேறு சிலர், "காவல் சம்மனசு பார்த்துக்கொள்வார்" என்பார்கள். சம்மனசானவர் உண்டு என்று விசுவசிக்கிறோம். ஆனால் நம் வேலையை அவர் தலையில் சுமத்துவது விசுவாசமன்று, தேவனைச் சோதிப்பதாகும்.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். வள்ளூரைச் சுற்றி அனல்மின் நிலையங்கள்; எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. அந்தத் தூரத்தைப் பிள்ளை நடந்தே போகும் என்பது இதன் பொருள். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளி வாகனத்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தபின், பள்ளி வாகனங்களில் உதவியாளர் இருக்கவேண்டும் என்று அரசு விதி செய்தது. நடந்து போகும் பிள்ளைக்கு உதவியாளர் யார்? ஏழு வயதுப் பிள்ளைக்கு வரும் லாரியின் வேகத்தை அளக்கத் தெரியாது. லாரிக்கு அருகில் நிற்கும் அத்தனை உயரமான பிள்ளை, மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணில் படுவதுமில்லை. 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு உலகில் முதற்காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆகையால் பள்ளிக்கோ, ஞானோபதேச வகுப்புக்கோ, திருயாத்திரைக்கோ பிள்ளைகளை நடத்திச் செல்வோர் இவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று புறப்படுமுன் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு பெரியவர் முன்னும் ஒருவர் பின்னும் நடக்கட்டும். பிள்ளைகள் சாலையின் ஓரத்திலும், பெரியவர்கள் வண்டி போகும் பக்கத்திலும் நடக்கட்டும்.

3. புறப்படும்போதும், சாலை கடந்ததும், போய்ச் சேர்ந்ததும் எண்ணுங்கள்.

4. சொல்லாத இடத்துக்கு, முக்கியமாய் நீர்நிலைக்கு, அழைத்துப் போகாதீர்கள்.

5. திரும்பி வந்ததும் பெற்றவர் கையில் ஒப்படையுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு கடமையுண்டு. பிள்ளையை அனுப்புமுன், "யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். "எல்லாரும் இருக்கிறோம்" என்று பதில் வந்தால், "எல்லாரும் சரி, என் பிள்ளைக்கு யார்?" என்று மறுபடி கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்கப்பட்டவரும் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாமல், தம் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்கட்டும்.