பழகிடுச்சு என்கிறார்கள்

2020இல் கொரோனா வந்தபோது பலருக்கு மணமும் ருசியும் திடீரென்று காணாமல் போயின. வைரஸ் பெரும்பாலும் மோப்ப நரம்பைத் தாக்கவில்லை, அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் பிடித்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பியது. சிலருக்குத் திரும்பும்போதே கோளாறாகத் திரும்பியது. காப்பி சாக்கடையாய் நாறியது, வெங்காயம் வதக்கினால் குமட்டியது. சொந்த அடுப்படியில் நிற்க முடியாத அந்த அவஸ்தை நெசம்தான். கேலி பேச எனக்கு மனசில்லை. ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு என்று நாலையும் தினம் இருவேளை மோந்து பார்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

மலக்குழியில் இறங்குகிறவனின் மூக்கு போனால் அதற்கு என்ன பேர்? 'அவங்களுக்கெல்லாம் பழகிடுச்சுங்க.'

அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு லேசாக இருக்கும்போது அழுகின முட்டையாய் நாறும். காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 100 பங்கை எட்டினால் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாத்தம் நின்னுடுச்சேன்னு நினைக்கிற நேரத்தில் சாவு பக்கத்தில் நிற்கிறது. மேலே நிற்கிற மேஸ்திரி பழக்கம் என்று சொல்வது சில சமயம் இந்த நஞ்சேறலைத்தான். நெசமாகவே பழகியிருந்தால், இறங்குமுன் ஒரு குவார்ட்டர் எதற்கு? மூக்கைத் தானே சாகடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடிகிறது. அதைப் பார்த்துக் குடிகாரப் பசங்க என்கிறது ஊர்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது, ஊனமானால் ஈடு தரவும் சொன்னது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் எண்ணிய 21 குறைபாடுகளில் மோப்ப இழப்பு இல்லை. எங்க பெரியப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பில் உப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரியும். வயசாயிடுச்சு என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எத்தனை வருசம் குழியில் இருந்தீங்க என்று யாரும் கேட்கவில்லை.

மோப்பம் போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்த ஒருவரை அந்தக் கொரோனா நாட்களில் பார்த்தேன். குப்பை வண்டி வந்ததும், அதைத் தள்ளிவந்த அம்மாவைப் பார்த்துத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் எதை மோந்தார்? அருவருப்பு உடம்பின் இயற்கை, அதில் சாதி எங்கே வந்தது என்று வாதிடும் நண்பர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், பேரும் ஊரும் விசாரித்துவிட்டு, 'கவிச்சி வாடை ஆகாதுங்க' என்கிறார்கள். சாவியே இன்னும் நம் கைக்கு வரவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை.