முதலும் ஊதியமும்

வாணிகத்தின் நோக்கம் ஊதியம் ஈட்டுதல். இதனை மறுப்பார் இலர். ஆயினும், ஊதியம் என்பது யாது என வினவினால் விடை அத்துணை எளிதன்று. நூறு வெள்ளிக்குச் சரக்கு வாங்கி நூற்றிருபது வெள்ளிக்கு விற்றவன் இருபது வெள்ளி ஊதியம் பெற்றான். பாட்டன் வைத்துச் சென்ற நிலத்தை விற்று ஆயிரம் வெள்ளி பெற்றவனோ எதையும் ஈட்டினான் அல்லன். நிலமாக இருந்த முதல் பணமாக மாறிற்று, அவ்வளவே. அப்பணத்தை அவன் உண்டு தீர்ப்பானாயின், உண்டது ஊதியத்தை அன்று, முதலையே. வரப்போகும் ஆதாயத்தை எண்ணி உள்ள முதலையும் இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வைத்துள்ளார். இக்கருத்தை இக்கால எரியாற்றல் தொழிலோடு பொருத்திக் காண்பது பயனுடையது. ஏனெனில், முதலும் ஊதியமும் பிரித்தறிய முடியாவண்ணம் மயங்கிக் கிடக்கும் தொழில்களுள் எண்ணெய்த் தொழில் தலையாயது.

மலேசியத் தமிழர் தலைமுறை தலைமுறையாக அறிந்த பால்மரத்தை இதற்கு எதிர்நிறுத்திப் பார்க்கலாம். தேர்ந்த தொழிலாளி பட்டையை மெல்லியதாகச் சீவுவார். கத்தி உள்மரத்தைத் தீண்டலாகாது. தீண்டாது விட்டால் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும். அவ்விடத்தில் மீண்டும் பால் வெட்டலாம். ஆழ வெட்டினால் மரம் புண்பட்டு முடிச்சு விழும். எண்ணெய்க் கிணற்றுக்கோ புதுப்பட்டை என்பது இல்லை. சரவாக்கின் மிரியில் 1910இல் தோண்டப்பட்ட முதற்கிணறு அறுபதாண்டுகளுக்கு மேல் எண்ணெய் தந்து, 1972இல் ஓய்ந்தது. இன்று அது குன்றின்மேல் நிற்கும் நினைவுச் சின்னம். அதிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு பீப்பாயும் ஒருமுறையே விற்கக்கூடிய பீப்பாய்.

ஆதலின் எண்ணெய் விற்போர் தோள்மீது இரு கடன்கள் ஏறுகின்றன. மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்தமைக்காக, இனிப் பிறக்கப்போகும் தலைமுறைக்குப் பட்ட கடன் ஒன்று. எரித்த புகையை மண்ணுக்கு மேலே விட்டமைக்காக, வாழும் உயிர்கள் அனைத்துக்கும் பட்ட கடன் மற்றொன்று. இவ்விரண்டையும் கழித்த பின்னர் எஞ்சுவதே உண்மையான ஊதியம்.

முதற்கடனை நார்வே நாடு எதிர்கொண்ட முறை கருதத்தக்கது. 1969ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் கடற்பரப்பில் எகோஃபிஸ்க் என்னும் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1972இல் அரசே ஓர் எண்ணெய் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களின் இலாபத்தில் 78 விழுக்காடு வரியாக அரசைச் சேரும் முறையும் நிலைபெற்றது. இவ்வாறு வரும் பணத்தை அவ்வப்போது ஆட்சியில் இருப்போர் விருப்பம்போல் செலவிடாதவாறு, 1990இல் சட்டத்தின்வழி ஒரு நிதியம் நிறுவப்பட்டது. 1996இல் முதல் தொகை அதில் இடப்பட்டது. அப்பணம் முழுவதும் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்படுகிறது. உள்நாட்டில் பணம் வெள்ளமெனப் பாய்ந்து விலைவாசி ஏறுவதையும், பிற தொழில்கள் நலிவதையும் தடுப்பதற்கு அது வழி. நிதியத்திலிருந்து ஆண்டுதோறும் சராசரியாக 4 விழுக்காடு மட்டுமே எடுக்கலாம் என 2001இல் ஒரு நெறி வகுக்கப்பட்டது. 2017இல் அது 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நெடுங்காலத்தில் நிதியம் ஈட்டும் என எதிர்பார்க்கப்படும் வருவாயின் அளவே அது. விளைச்சலை உண்ணலாம், நிலத்தை விற்றுண்ணலாகாது என்பதே இந்நெறியின் உட்பொருள். 2024ஆம் ஆண்டு இறுதியில் நிதியத்தின் மதிப்பு ஏறத்தாழ 20 இலட்சம் கோடி குரோனர். அதில் பாதிக்கு மேற்பட்டது எண்ணெய் விற்ற பணமன்று. முதலீடு ஈன்ற வருவாய்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும், அது தள்ளத்தக்கதன்று. ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்டதும், எண்ணெய் கிடைக்கும் முன்னரே கல்வியில் முன்னேறியதுமான நாடு சேமிக்கலாம். பசித்த வயிறும் ஒழுகும் கூரையும் உள்ள நாடு எங்ஙனம் சேமிக்கும்? பிறவாத குழந்தையின் பொருட்டுப் பிறந்த குழந்தையைப் பட்டினியிடுவது அறமாகுமா? ஆகாது. ஆனால், முதலைக் காக்கும் இடம் வங்கி ஒன்றே அன்று. எண்ணெய்ப் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம், பயிற்சி பெற்ற ஆசிரியர், தூய குடிநீர் ஆகியன உருமாறிய முதல். எண்ணெய்ப் பணத்தைக் கொண்டே எண்ணெயின் விலையைத் தாழ்த்தி, வரம்பின்றி எரிப்பதோ முதல் உருவழிதல். செலவிடுவதா சேமிப்பதா என்பதைவிட, செலவிட்டபின் எஞ்சி நிற்பது யாது என்பதே கேட்கத்தக்க வினா.

மலேசியாவின் வரலாற்றையும் இவ்வினாவைக் கொண்டே அளக்க வேண்டும். 1974இன் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய் வளத்தின் உடைமையைப் பெட்ரோனாஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1980இல் பெரிய வயல்களிலிருந்து எடுக்கும் அளவுக்கு வரம்பு கட்டும் கொள்கை வந்தது. 1988இல் வருங்காலத் தலைமுறையை எண்ணித் தேசிய அறக்கட்டளை நிதி அமைக்கப்பட்டது. கொவிட் தொற்றுக்குத் தடுப்பூசி வாங்க அந்நிதியைப் பயன்படுத்த 2021இல் வழி செய்யப்பட்டது. இதனை முறையற்றது எனச் சொல்ல இயலாது. பெற்றோர் பிழைத்தால்தானே பிள்ளைகளுக்கு எதிர்காலம்? ஆனால் உயிர் காக்கச் செலவிடுவது வேறு. வசதி படைத்தவரின் பெரிய வண்டிக்கும் ஏழையின் சிறிய வண்டிக்கும் ஒரே மலிவு விலையில் எரிபொருள் ஊற்றியது வேறு. மிகுதியாக எரித்தவரே மிகுதியாக உதவி பெற்றார். 2024 ஜூன் மாதம் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது மக்கள் முணுமுணுத்தனர். அம்முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. மிச்சப்படும் பணம் எங்கே சென்று நிற்கும் என்பதைக் காட்டும் பொறுப்பு ஆள்வோருடையது.

இரண்டாவது கடன் இன்னும் கடுமையானது. எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் எழும் கரிவளி காற்றில் தங்கி உலகின் வெப்பத்தை உயர்த்துகிறது. அவ்விழப்பை நிறுவனத்தின் கணக்கேடு பெரும்பாலும் காட்டுவதில்லை. வெள்ளத்தில் வீடிழந்தவனே அதனைச் சுமக்கிறான். ஒருவன் பெற்ற ஊதியத்தின் செலவை முகமறியாத மற்றொருவன் ஏற்பது வாணிகம் ஆகாது.

இக்கடனை உணர்ந்து பாதையை மாற்றிய ஒரு நிறுவனம் டென்மார்க்கில் உண்டு. டோங் என்னும் பெயரில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மின்சாரம் ஆகியவற்றை நம்பி வளர்ந்த நிறுவனம் அது. ஜெர்மனியின் வடகரையில் அது கட்ட எண்ணிய நிலக்கரி மின்நிலையத்தை அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே, தன் உற்பத்தியில் 85 விழுக்காடு புதைபொருள் எரிபொருளாகவும் 15 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாகவும் இருந்த நிலையை ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக்குவது என்று அந்நிறுவனம் உறுதி பூண்டது. பத்தாண்டுகளில் அதனை எய்தியும் விட்டது. 2017இல் எண்ணெய், எரிவாயுப் பிரிவை விற்று, மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதை 1820இல் கண்ட தன் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட்டின் பெயரைச் சூடிக்கொண்டது.

அறவழியில் சென்றமையால் அந்நிறுவனத்துக்கு எல்லாம் இனிதாகவே முடிந்ததா? இல்லை. வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறிய 2023இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் திட்டமிட்டிருந்த இரு காற்றாலைத் திட்டங்களைக் கைவிட்டுப் பேரிழப்பை ஏற்றது. இதனைச் சுட்டி, நல்லெண்ணம் வாணிகத்துக்கு உதவாது என்பார் உளர். அவர் கூற்று பிழையானது. நோக்கம் நன்றாயிருப்பதால் கணக்குத் தானே நன்றாகிவிடாது. கணக்குத் தவறியதால் நோக்கம் தீதாகியும் விடாது. தெரிந்து செயல்படுக என்னும் அறிவுரை எண்ணெய் எடுப்போர்க்கு மட்டுமன்றிக் காற்றாலை நடுவோர்க்கும் உரியதே.

நார்வேயும் முழுமை பெற்ற எடுத்துக்காட்டன்று. 2024இல் அங்கு விற்ற புதிய மகிழுந்துகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கலத்தால் ஓடுபவை. அதே நாடு கடலிலிருந்து எடுத்த எண்ணெயைப் பிறநாட்டார் எரிப்பதற்கு இன்னும் விற்கிறது. முதற்கடனைத் தீர்க்க முறையாக முயன்ற நாட்டின் வாயிலிலும் இரண்டாம் கடன் காத்து நிற்கிறது.

ஆண்டிறுதியில் இலாபத்தை அறிவிக்கும் எரியாற்றல் நிறுவனம் எதுவாயினும், அதனிடம் இரு வினாக்களைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. எடுத்ததற்கு ஈடாக வைத்தது என்ன? ஈட்டியதற்காகப் பிறர் மீது ஏற்றியது என்ன? இவற்றுக்கு விடை கூற இயலாத இலாபம், விதைநெல்லை வடித்துப் பரிமாறிய விருந்தை ஒக்கும். உண்ணும்போது சுவைக்கும், அடுத்த மழைக்கு வயலில் இறங்குபவன் கை வெறுங்கையாக இருக்கும். அவ்வயலில் இறங்கப்போகிறவர் பிறரல்லர், இன்று பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே என்பதை ஆள்வோரும் வாணிகரும் மறவாதிருத்தல் வேண்டும்.