கூப்பிடு தூரம்

ரொறன்ரோவிலிருந்து மேற்கே காரில் வருகிறவருக்கு முதல் இரண்டு நாளும் பாறை, ஊசியிலை மரம், ஏரி. சுப்பீரியர் ஏரியின் வடகரை முடிந்தாலும் பாறை முடியாது. மனிற்றோபா மாகாணத்துக்குள் நுழைந்த பிறகும் காடு விடாது. வினிப்பெக் கிட்டவாகும்போது மரங்கள் சட்டென்று நின்றுவிடும், நிலம் தட்டையாகும். பனிக்கட்டி உருகிப் பெருகிய அகாசி என்ற பேரேரி ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் கிடந்த படுகை அது. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அங்கேதான் மூச்சு இறங்கும்.

ஸ்காபரோவில் அக்கா வீட்டில் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வருகிறேன். அந்த வீட்டுக் குசினியில் அடுப்பு ஓய்வதில்லை. எந்நேரமும் யாரோ ஒருவர் தேத்தண்ணி போடுகிறார். பெறாமக்கள், அவர்களின் பிள்ளைகள், ஒரு சாமத்தியவீடு, இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு. விடிந்தால் பொழுதுபட்டால் நான் சின்னம்மா, சித்தப்பாவின் மகள், கனடாவின் மற்றத் தொங்கலில் இருந்து வந்தவ. அலுப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஒருநாளும் தனியாகச் சாப்பிடவில்லை. வெளிக்கிடும்போது அக்கா கேட்டா: “அந்த வெட்டைக்குள்ளை உனக்கு ஆர் இருக்கினம்?”

வினிப்பெக்கையும் தாண்டி மேற்கே, ரெஜைனா நகரத்துக்குத் தெற்கே, கிறவல் தெருவில் என் வீடு. யன்னல் விளிம்பில் செத்த ஈக்கள் வரிசையாகக் கிடந்தன. மேலே மாப்போல மண். குழாயைத் திறந்தால் முதலில் வந்தது கறள் நிறத் தண்ணீர், கூடவே கூழ்முட்டை மணம். கதவைச் சாத்தினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அது சொர்க்கமாக இருந்தது. இரண்டு மூன்று நாளில், காற்றுச் சத்தத்துக்குள் ஏதாவது குரல் இருக்கிறதா என்று காது தேடத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் நிலத்தைப் பழிப்பது வழக்கம். இவ்வளவு பெரிய வெளியில் மனிதர் தனித்துப் போகாமல் என்ன செய்வார்கள் என்பார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டு வளர்ந்தேன். இங்கே சில காலம் இருந்த பிறகு அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

காரணம், நிலத்தைப் பங்கிட்ட விதம். 1872-ல் கனடாவில் வந்த நிலச் சட்டப்படி, பத்து டொலர் கட்டியவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அந்த நிலத்திலேயே குடியிருந்து கொத்திப் பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. புல்வெளியின் பெரும்பகுதியை மைலுக்கு மைல் சதுரமாக வெட்டினார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர், அதில் கால்வாசி ஒரு குடும்பத்துக்கு. இரட்டை எண் சதுரங்களில் பெரும்பகுதி குடியேறிகளுக்கு. ஒற்றை எண் சதுரங்களில் பெரும்பகுதி ரயில்வேக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆகவே பக்கத்து வீடு பக்கத்தில் இராது. பூமி உருண்டை என்பதால் இந்தச் சதுரக் கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. 24 மைலுக்கு ஒருமுறை நேர்த்தெரு முழங்கை மடக்கித் திரும்புவது அதனால்தான். இரவில் தெரியாமல் வேகமாக வந்தால் வயலுக்குள்தான் போய் நிற்பீர்கள்.

இந்தக் கணக்கு வருமுன், மனிற்றோபாவின் சிவப்பாற்றங்கரையில், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெற்றீ மக்களின் காணிகள் வேறு மாதிரி இருந்தன. ஆற்றில் தொடங்கிப் பின்னால் நீளும் ஒடுங்கிய துண்டுகள். எல்லோருக்கும் தண்ணீர் உண்டு, எல்லா வீடும் கரையோரம் வரிசையாக. வாசலில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த வீட்டில் கேட்கும். 1869 ஒக்ரோபரில் அளவையாளர்கள் சங்கிலியோடு அங்கே வந்தபோது, மெற்றீ மக்களின் தலைவராக எழுந்த லூயி ரியலும் கூட வந்தவர்களும் அந்தச் சங்கிலியின் மேல் ஏறி நின்றார்கள். இதற்கு மேல் அளக்க விடமாட்டோம் என்றார்கள். நிலத்துக்கான சண்டை என்று சரித்திரம் எழுதுகிறது, சரிதான். காலடியில் இருந்தது கூப்பிடு தூரமும்கூட என்று எனக்குத் தோன்றும்.

1874-ல் ருஷ்யப் பேரரசிலிருந்து மனிற்றோபாவுக்கு வந்த மெனனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் சதுரத்துக்குள் சிதறி இருக்க மறுத்தார்கள். அவரவர் பேரில் பதிந்த காணிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே தெருவின் இரு பக்கமும் வீடு கட்டினார்கள். வீடும் தொழுவமும் ஒரே கூரையில் தொடுத்தபடி. நொய்பெர்க்தால் என்ற அந்த மாதிரி ஊர் இன்றும் இருக்கிறது. அதே வெட்டை, அதே காற்று, அதே ஆறு மாதக் குளிர். ஆனால் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு.

வெளியின் வெறுமை வேறு, மனிதரின் தனிமை வேறு. முதலாவது நிலத்தின் குணம். அதற்காகத்தான் நான் திரும்பி வருகிறேன். இரண்டாவது மனிதர் சங்கிலி பிடித்து அளந்து கொடுத்தது. ஸ்காபரோவையே எடுத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் நாள்தோறும் நுழைகிறவர்கள் எல்லோரும் நெருங்கிய இரத்த உறவில்லை. பாதிப்பேர் அதே தெருவுக்கு வந்து சேர்ந்தவர்கள். சொந்த மச்சான் தொலைவில் பெரிய வீடு வாங்கிப் போனார். இப்போது அவரைக் காண ஒரு கலியாணம் வேண்டும். இரத்தத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுகிறோம். உறவை நடத்துவது தூரம். தூரம் கூடினால் யாராவது ஒருவர் எழும்பி நடக்க வேண்டும்.

அக்கா கட்டித் தந்த பருத்தித்துறை வடையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குப் போனேன். பக்கம் என்றால் ஒரு மைல். கனோலா மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அந்தப் பண்ணையில் தனியாக இருக்கும் அம்மாவின் பிள்ளைகள் கல்கரியில். வடையைக் கடித்து, பல்லைத் தடவிப் பார்த்து, இன்னொன்று எடுத்தார். நான் இல்லாத நாட்களில் என் வாசல் விளக்கு எரியாதது தனக்குச் சரிவரவில்லை என்றார்; படுக்கைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாம். ஒரு மைலுக்கு அப்பால் என் விளக்கு ஒருவருக்குக் கணக்கில் இருந்தது எனக்குத் தெரியாது. அடுத்தமுறை போகும்போது தானாக எரிந்து அணைகிற சுவிட்ச் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போ என்று கண்டிப்பாகச் சொன்னார். எந்தக் கடையில் மலிவு என்பதையும் சொல்லி, மூன்றாவது வடைக்குக் கை நீட்டினார்.